நான் கப்பலில் இருக்கும்போது வீட்டுச் சாவி யாரிடம்?

அன்புள்ள தம்பி,

எனக்குக் கடல் என்றால் பயம் என்று ஒரு பேச்சு நடக்கிறது. போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். "மகன் கப்பல் டிக்கெட் எடுத்திருக்காக, ஆச்சி காய்ச்சல்னு படுத்துட்டாகளாம்" என்று பந்தியில் ஒருத்தி சொல்ல, பக்கத்தில் இருந்தவள், "தண்ணியப் பாத்தாலே தல சுத்துமாம்ல" என்றாள். இரண்டும் தப்பு. காய்ச்சலில் படுத்தவள் கானாடுகாத்தானில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. கடலைப் பொறுத்தவரை, நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் உன்னைப் பெற்ற அப்பச்சியோடு பினாங்குக்குப் போய்த் திரும்பியவள் நான். ஒரே ஒரு நாள் வாந்தி எடுத்தேன், அதுவும் கடலால் அல்ல, வெறும் வயிற்றில் மாவு உருண்டை தின்றதால். உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் தண்ணீர் அல்ல. நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும்போது இந்த வீட்டில் தூண்கள் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் காரணம். மற்றதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் கடிதம் நான்கு பக்கம். உன் அப்பச்சி போன பிறகு நீ எனக்கு எழுதியதெல்லாம் கார்டுதான். சௌக்கியம், சௌக்கியமா, பணம் வந்ததா, அவ்வளவுதான். அதில் எனக்குக் குறையும் இல்லை, ஆபீஸ் வேலை பார்க்கிறவனுக்கு அதற்கு மேல் நேரம் இருக்காது. அப்படிப்பட்டவன் திடீரென்று நான்கு பக்கம் எழுதி, "ஆத்தா, உனக்கு ஒரு மாறுதல் வேண்டும்" என்று சொல்லி, கூடவே கப்பல் கம்பெனிக்காரன் அச்சடித்த வர்ணப் புத்தகத்தையும் வைத்து அனுப்பினால், நான் முதலில் என்ன செய்வேன்? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படிப்பேன். படித்தேன். மூன்றாம் பக்கத்தில், "சொக்கலிங்க அண்ணனும் இதையேதான் சொன்னாக, சின்னாத்தா தனியா அந்த வீட்டுக்குள்ளேயே கிடக்காகன்னு வருத்தப்பட்டாக" என்று எழுதியிருக்கிறாய். உன் பெரியப்பச்சி மகன் என்னைப் பற்றி வருத்தப்பட்டதாக நான் கேள்விப்படுவது இதுதான் முதல் தடவை.

அந்த வர்ணப் புத்தகத்தையும் படித்தேன். முதல் பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு சீமாட்டி நாற்காலியில் சாய்ந்து சிரிக்கிறாள். அவள் கையில் கிளாஸ், பக்கத்து மேசையில் பழத்தட்டு, பின்னால் நீலக் கடல். பில் எங்கேயும் இல்லை. கான்வென்டில் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மதர், எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்வார். பெரிய எழுத்தில் இருப்பது அவர்கள் சொல்ல விரும்புவது, பொடி எழுத்தில் இருப்பது நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்பார். கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது: பானங்கள், சலவை, முடிதிருத்தும் கடை, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் வண்டி, சிப்பந்திகளுக்கு அன்பளிப்பு, இவையெல்லாம் கட்டணத்தில் சேராது. இதை நீ படித்தாயா? உன் பெண்டாட்டி வள்ளியம்மை படித்திருக்க மாட்டாள், அவளுக்குப் படம் போதும். நீங்கள் இருவரும் போவது நிச்சயம் என்பதால் சொல்கிறேன். நான் வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறு. எது டிக்கெட்டுக்குள் அடக்கம், எது வெளியே என்று ஏறிய முதல் நாளே பர்சரிடம் கேட்டுவிடு. கப்பலின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிற அதிகாரி அவர்தான். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டதால் நாங்கள் பட்ட பாட்டை உனக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் உன் பெரியப்பச்சி அதை ஊரில் சொல்லக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

பினாங்குக் கடையை மூடிக் கணக்கை முடிக்க உன் அப்பச்சியும் பெரியப்பச்சியும் போனபோது நானும் உன் பெரியாத்தாவும் கூடப் போனோம். அண்ணன் தம்பி இருவரும் அதற்கு முன் பல தடவை கப்பலில் போனவர்கள். ஆனால் போனதெல்லாம் டெக்கில், திறந்த தளத்தில். டெக்கில் போகிறவன் பாயிலிருந்து தண்ணீர்ச் செம்புவரை எல்லாவற்றையும் தானே கொண்டுபோக வேண்டும். கேபினில் போவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதும் ஒவ்வொரு ஜோடியையும் வேறு வைத்துவிடுவோம். ஒரே கூரை, ஆனால் அடுப்பு தனி, அரிசி தனி, உப்பு புளி தனி. அதனால் கப்பலுக்கும் இரண்டு குடும்பமும் வேறு வேறாகக் கட்டினோம். எனக்கு ஒரு ஸ்டவ், பெரியாத்தாவுக்கு ஒரு ஸ்டவ். எனக்கு ஒரு மூட்டை அரிசி, அவளுக்கு ஒரு மூட்டை. சீப்புச் சீடை இரண்டு டின், மாவு உருண்டை இரண்டு டின், அம்மி ஒன்று. அம்மியை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். எங்கள் பெட்டிகளுக்கே ஒரு படகு பிடித்தது. பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருந்த இளையான்குடிக்காரர் ஒருவர் அதே கப்பலில் வந்தார், எங்கள் படகுக்குக் காத்திருந்தே அவருக்கு அலுத்துப்போனது. "என்ன செட்டியாரே, கப்பல வெலைக்கு வாங்கிட்டீகளா, குடி போறீகளா?" என்றார். உன் பெரியப்பச்சிக்குக் கோபம். "வழியில பசிச்சா நீரா சோறு போடுவீரு?" என்றார். "நான் எதுக்குப் போடணும், கப்பக்காரன் போடுவான்ல" என்று அவர் சொன்னது அன்று எங்களுக்கு விளங்கவில்லை. அதனால் உனக்கு முதல் யோசனை, சென்னைத் துறைமுகத்திலேயே ஏறிக்கொள். படகும் ஏணியும் புடவை கட்டியவர்களுக்கு ஆகாது. இரண்டாவது, ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். கேபின் என்பது நம் வீட்டு எண்ணெய்ச் சாமான் அறை அளவுதான் இருக்கும், இரண்டாவது பெட்டி வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் சுக்கும் எடுத்துக்கொள். அம்மி வேண்டாம்.

கப்பலில் ஏறியதுமே ஸ்டவ்வைப் பார்த்துவிட்டார்கள். கேபினில் நெருப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லி இரண்டையும் எடுத்துப் போய்விட்டார்கள். பிறகு மணி அடித்தது. சாப்பாட்டு அறைக்குக் கூப்பிடுகிற மணி. நாங்கள் நால்வரும் ஒரு கேபினில் உட்கார்ந்து அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "போகாதீக, போயி உக்காந்தா தலைக்கு இவ்வளவுன்னு தீட்டிருவான்" என்றார் பெரியப்பச்சி. "நமக்குத்தான் சீடை இருக்குல்ல" என்றாள் பெரியாத்தா. விடிந்ததும் ஒரு பையன் ட்ரேயில் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கதவைத் தட்டினான். உன் அப்பச்சி கதவை அரைவாசி திறந்து வேண்டாம் என்று கை காட்டி அனுப்பினார். தினமும் காலையில் அவன் தட்டினான், தினமும் இவர் அனுப்பினார். கப்பலில் நல்ல பசி எடுக்கும் தம்பி, அந்தக் காற்று அப்படி. சீடையைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலித்தது. கடைசியில் நான் டிக்கெட்டை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன். சாப்பாடு அடக்கம் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. படித்துச் சொன்னேன். உன் அப்பச்சி, "எழுதியிருப்பான். எழுதினதெல்லாம் செய்வானா?" என்றார். வட்டிக் கடைக்காரர் அல்லவா, எழுத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அடுத்த மணி அடித்தபோது நான் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், இதற்குத் தனியாக ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று. இல்லை அம்மா, எல்லாம் நீங்கள் ஏற்கெனவே கொடுத்ததுதான் என்றார். மறு வேளைக்கு உன் அப்பச்சி என் பின்னாலேயே வந்தார். பெரியப்பச்சி இன்னும் ஒரு நாள் பார்த்தார். எங்கள் இருவருக்கும் பில் வரவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளையான்குடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சோத்துக்குக் காசக் கட்டிப்புட்டு இத்தன நாளு மாவு உருண்டையத் தின்னுக்கிட்டுக் கெடந்தீகளாக்கும்" என்றார். கப்பல் முழுக்கச் சிரித்தது.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாப்பாடு அடக்கம் என்று தெரிந்ததும் பெரியப்பச்சி எல்லாமே அடக்கம் என்று வைத்துக்கொண்டார். மேல் தளத்தில் காற்று வாங்கிக்கொண்டே கலர் சோடா, எலுமிச்சை ஜூஸ், டின்னில் அடைத்த அன்னாசிப் பழம் என்று கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சீட்டு கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டால் போதும், காசு கேட்க மாட்டார்கள். கையெழுத்துத்தானே என்று போட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் வாங்கிக் கொடுத்தார். பினாங்கு தெரியும் நாளில் பர்சர் அத்தனை சீட்டையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தபோது, "நீதான எல்லாம் ஓசின்ன" என்று என்னைப் பார்த்தார். "சோறுதான் ஓசின்னேன். சோடாவயா சொன்னேன்?" என்றேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை அவர் என்னோடு பேசவில்லை, எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

நீ இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். கையெழுத்துப் போடுகிற இடத்தில் காசு கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அவன் கையெழுத்து வாங்குகிறான். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பிரதி கேட்டு வாங்கி ஒரு உறையில் போடு. அன்றன்றைக்குச் சாயங்காலம் பார். கடைசி நாள்வரை விடாதே, அன்றைக்குப் பர்சர் முன்னால் கூட்டம் இருக்கும், எந்தச் சீட்டும் உனக்கு ஞாபகம் இருக்காது, கரை தெரிகிற அவசரத்தில் சொன்னதைக் கொடுத்துவிட்டு இறங்குவாய். வேறு யாருக்காகவும் கையெழுத்துப் போடாதே. கப்பலில் இரண்டாம் நாளே நெருங்கிய சினேகிதர்கள் கிடைப்பார்கள். "பிரதர்" என்று தோளில் கை போடுவார்கள், சீட்டாட மூன்று பேர் இருக்கிறோம், நான்காவது கை வேண்டும் என்பார்கள். அந்த நான்காவது கையாக நீ போகாதே. சலவைக்குப் போடுவது விலை அதிகம். கைக்குட்டையும் ரவிக்கையும் வள்ளியம்மையே கசக்கிக் குளியலறைக் கொடியில் போட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். கப்பல் கடையில் கைக்கடிகாரமும் சென்ட்டும் நைலான் புடவையும் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்கலாம், காசில்லை. வாங்குவதாக இருந்தால் பினாங்குக் கடைத்தெருவில் விலை கேட்ட பிறகு வாங்கட்டும். சென்னையில் திரும்பி இறங்கும்போது சுங்கக்காரன் பெட்டியைக் கவிழ்ப்பான் என்பதையும் அவளுக்கு இப்போதே சொல்லிவை. அரசாங்கம் வெளிநாட்டுப் பணத்தை அளந்துதான் கொடுக்கிறது. அதைக் கப்பலில் செலவழித்துவிட்டுப் பினாங்கில் கையைப் பிசையாதே. கரையில் சுற்றிப் பார்க்கக் கப்பல்காரன் ஏற்பாடு செய்கிற வண்டியில் ஏறாதே. அவன் காட்டுகிற கடைகளில் அவனுக்குக் கமிஷன் உண்டு. துறைமுகத்துக்கு வெளியே வந்தால் மூன்று சக்கர வண்டிக்காரர்கள் நிற்பார்கள், ஏறுவதற்கு முன் கூலி பேசிக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கப்பல் சங்கு ஊதுவதற்கு வெகு முன்னால் வந்துவிடு.

உன் கேபின் கப்பலின் நடுவில் இருக்கிறதா என்று பார். முன்பக்கம் தூக்கிப் போடும், பின்பக்கம் இஞ்சின் சத்தம். தலை சுற்றினால் படுக்காதே, படுத்தால் இன்னும் சுற்றும். மேலே போய்த் தூரத்தில் வானமும் கடலும் சேருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நில், நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொள். கேபினைச் சுத்தம் செய்கிற பையனுக்கு ஏறிய அன்றே கொஞ்சம் கொடு, இறங்கும்போது மீதியைக் கொடு, அவன் கையிலேயே கொடு. மேலாள் வாங்கிப் பங்கு பிரிப்பதாகச் சொன்னால் நம்பாதே. தாராளமாகவும் கொடு. சோறு அடக்கம் என்று தெரிந்த பிறகும், தேநீருக்குத் தனிக் காசு இருக்குமோ என்று நாங்கள் தினமும் திருப்பி அனுப்பிய அந்தத் தேநீர்ப் பையன், கடைசி நாள் காலையிலும் கதவைத் தட்டினான். அன்று நான் வாங்கிக்கொண்டு, கோப்பையோடு மேல் தளத்துக்குப் போனேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடல் பழுப்பாக, எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் இருந்தது. பறக்கும் மீன்கள் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து எழும்பி, கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி உள்ளே போயின. உன் அப்பச்சி தேடிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "இத எல்லா நாளும் வாங்கியிருக்கலாம்ல" என்றார். கோப்பையை அவரிடம் கொடுத்தேன், மீதியை அவர் குடித்தார். நம் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இப்படி நிற்க எங்களுக்கு ஒரு இடம் கிடையாது. ஆகவே தம்பி, செலவைப் பார் என்று இவ்வளவு சொன்னவள் இதையும் சொல்கிறேன். காலையில் வள்ளியம்மையை எழுப்பிக்கொண்டு மேலே போ. சாய்வு நாற்காலிக்கு வாடகை கேட்டால் கொடுத்துவிடு. அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். அந்தப் பயணம் முடிந்து நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது வாசல் கதவின் பெரிய சாவி உன் பெரியாத்தாவின் தம்பியிடம் இருந்தது. கிளம்பும்போது பெரியப்பச்சிதான் அவரிடம் கொடுத்தார். கதவைத் திறந்து உள்ளே போனால், இரண்டாம் கட்டுக் கூடத்தில் சுவரோடு சுவராக இருந்த ஆளுயரக் கண்ணாடிகள் இல்லை. சுவரில் அவை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, புதிதாகத் தெரிந்தது. கேட்டால், "ரசம் போன கண்ணாடிதான ஆச்சி, மொகம் கோணையாத் தெரியுதுன்னு குடுத்துட்டோம்" என்றார் அந்தத் தம்பி. யாருக்குக் கொடுத்தீர்கள், யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். பெரியப்பச்சி செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வந்ததும் வராததுமா என்ன பேச்சு" என்றார். உன் அப்பச்சி வாயே திறக்கவில்லை. அண்ணன் முன்னால் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. அன்று சாயங்காலமே அந்தத் தம்பி கையிலிருந்து சாவியைக் கேட்டு வாங்கி என் இடுப்பில் செருகினேன். பெரியப்பச்சி போன பிறகும், உன் அப்பச்சி போன பிறகும் அது என்னிடம்தான் இருக்கிறது. வீட்டில் பாதி உனக்கு, பாதி சொக்கலிங்கத்துக்கு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நான் உள்ளே இருக்கும்வரை எந்தப் பாதியையும் யாரும் தனியாகக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

உன் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்பு சொக்கலிங்கம் வந்தான். கூட ஒரு ஆள், வெள்ளைச் சட்டை, தங்கப் பல். "சும்மா பாக்க வந்தாக சின்னாத்தா. பழைய வீடுகளப் பத்திப் படிக்கிறவுக" என்றான். படிக்கிறவர் தூண்களை விரலை மடக்கித் தட்டித் தட்டிப் பார்த்தார். கதவு நிலையின் அகலத்தைக் கையால் அளந்தார். பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தார். "படிக்க வந்தவருக்கு டேப் எதுக்குடா?" என்றேன். "அளந்தாத்தான படிக்க முடியும்" என்று சிரித்தான். "அப்ப அளந்ததை என்கிட்டயும் ஒரு பிரதி குடு, நானும் படிக்கிறேன்" என்றேன். அதற்கு அவன் சிரிக்கவில்லை. காபி கலக்க உள்ளே போனேன். என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. "இதக் கழட்டுனா மேல உள்ள உத்தரம் நிக்குமா?" என்று அந்த ஆள் கேட்டதும், "மொத்தமாத்தான எடுக்கப்போறீக, நின்னா என்ன, நிக்காட்டி என்ன?" என்று சொக்கலிங்கம் சொன்னதும் எனக்குக் கேட்டது. காபியைக் கொடுத்தேன். குடித்தார்கள். அந்த ஆள் போகும்போது, "இவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்கீகளே ஆச்சி, பயமா இல்லையா?" என்றார். "இதுவரைக்கும் இல்ல" என்றேன்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. வள்ளியம்மை தேவகோட்டையில் அவள் அம்மா வீட்டுக்கு வந்தவள் இங்குட்டும் எட்டிப் பார்த்தாள். பேச்சோடு பேச்சாக, "அயித்தை, நீங்க எங்கயாச்சும் வெளியூரு போனா பெரிய சாவிய யாருட்ட குடுத்துட்டுப் போவீக?" என்றாள். "நான் எங்கடி போறேன்?" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சும்மாதான் கேட்டேன்" என்று பேச்சை மாற்றினாள். அவள் நல்ல பெண். என்னை ஆச்சரியப்படுத்த நீங்கள் இருவரும் ரகசியமாகக் கப்பல் டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தீர்கள், வாய் தவறிக் கேட்டுவிட்டாள் என்று நான் நினைக்கலாம். அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் சாவியைப் பற்றிக் கேட்டவள், கடலைப் பற்றியோ என் உடம்பைப் பற்றியோ கேட்கவில்லை. பெண்டாட்டி கேட்கிற கேள்வியைப் புருஷன் சொல்லிக் கொடுத்தானா, புருஷனின் அண்ணன் சொல்லிக் கொடுத்தானா என்று மாமியார் யோசிக்காமல் இருக்க முடியாது.

உனக்கு அந்த வீடு தேவைப்படாமல் இருக்கலாம். சென்னையில் வீடு கட்டப் பணம் தேவைப்படலாம். அதை நீ என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் நான் கோபப்படுவேன், நாலு நாள் பேசமாட்டேன், பிறகு உட்கார்ந்து பேசுவேன். என்ன கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது, நான் எந்த அறையில் இருப்பேன் என்று முடிவு செய்யலாம். அதற்கு நான் தயாராக இல்லாமல் இல்லை. என்னைக் கப்பலில் ஏற்றி, தேநீரும் பறக்கும் மீனும் காட்டி, திரும்பி வரும்போது சுவரில் வெள்ளை வெள்ளையாக இடம் காட்டினால் மட்டும் என்னால் தாங்க முடியாது. ஒரு தடவை அப்படி நடந்து, என் பக்கம் பேச வேண்டியவர் பேசாமல் நின்றதைப் பார்த்துவிட்டேன். அவரை நான் மன்னித்தேன். நீயும் அப்படி நின்றால் மன்னிக்க இன்னொரு ஆயுள் எனக்கு இல்லை.

எனக்கு வர ஆசை இருக்கிறது. அதை மறைக்கவில்லை. நீங்கள் இருவரும் மேலே போய்விட்ட பிறகு கீழே சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, கத்தி முள்ளை ஒழுங்காகப் பிடித்துச் சாப்பிட எனக்கு இன்னும் தெரியும். எனக்குத் தனி கேபின் வேண்டும், சைவச் சாப்பாடு என்று இப்போதே கம்பெனிக்கு எழுதிவிட வேண்டும், பெரிய சாவி என்னோடு கப்பலில் வரும். இந்த மூன்றிலும் மாற்றம் இல்லை. சாவி என்னோடு வந்தால் போதுமே, பூட்டை உடைக்கவா போகிறார்கள் என்று நீ கேட்கலாம். உடைக்கலாம், கூரை ஓட்டைப் பிரிக்கலாம், அதற்கு ஆள் உண்டு. ஆனால் உன் சம்மதம் இல்லாமல் சொக்கலிங்கத்துக்கு அந்தத் துணிச்சல் வராது. அதனால் எனக்குத் தெரிய வேண்டியது பூட்டைப் பற்றி அல்ல, உன்னைப் பற்றி.

சொக்கலிங்கம் அந்தத் தங்கப்பல்காரரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறான் என்பது, நீ எனக்கு டிக்கெட் எடுத்தபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா? ட்ரங்க் கால் போட்டுச் சொல்ல வேண்டாம், எதிர் வீட்டுப் போனில் உன் குரல் சரியாகக் கேட்பதில்லை, கேட்டாலும் பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். வள்ளியம்மையிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தெரியும் என்றோ தெரியாது என்றோ உன் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, இந்த வாரத்துக்குள் தபாலில் அனுப்பு.

உன் ஆத்தா